யூதக் குடும்பங்களுக்குச் சமையல் வகுப்பு நடத்துவது எப்படி: சாவி வாங்குவதிலிருந்து ஸ்பாஞ்ச் எண்ணுவது வரை

டொராண்டோவில் பாத்தர்ஸ்ட் தெருவில் வடக்கே போகப் போக, கடைப்பலகைகளில் ஆங்கிலத்தோடு ஹீப்ரூவும் ரஷ்ய மொழியும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊர் யூதர்களில் பெரும்பகுதி அந்தத் தெருவை ஒட்டித்தான், நகர எல்லையைத் தாண்டி தார்ன்ஹில் வரைக்கும், குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு சமூக நிலையத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பது என் வேலை. நான் யூதரும் இல்லை, தேர்ந்த சமையல்காரரும் இல்லை. ஆனாலும் ஆறு வருடமாக அங்கே குடும்பச் சமையல் வகுப்புகளை ஏற்பாடு செய்கிறேன், அதில் முதல் வருடம் முழுக்கச் சொதப்பல்.

முதல் வகுப்புக்கு நான் தயார் செய்துகொண்டு போனது ஒரே ஒரு சமையல் குறிப்பு. காலை ஒன்பதரைக்கே போய், ஓவன் சூடாக நேரம் ஆகுமே என்று நானே அதைப் போட்டுவிட்டேன். பத்து மணிக்கு, யூத உணவு விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று கண்காணிக்க வந்த மேற்பார்வையாளர் ஓவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் அணைத்துவிட்டு, மறுபடி தானே போட்டார். நான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அதுவல்ல, அதைக் கீழே சொல்கிறேன். அன்றைக்குப் புரிந்தது இதுதான்: என்ன சமைப்பது என்பது நாலாவது கேள்வி. அதற்கு முன்னால் எந்தச் சமையலறை, யார் வருகிறார்கள், எந்தத் தேதி என்ற மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

நூலகம், பள்ளி, குடியேறியோர் உதவி மையம் என்று இந்த மாதிரி இடங்களில் வேலை பார்க்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்றைக்காவது இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சமையலறை

கோஷர், அதாவது யூத உணவு விதி, என்றால் பன்றி இறைச்சி கூடாது, அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். சமையலறையை நடத்துகிறவருக்கு அது மிகச் சின்னப் பகுதி. பெரிய பகுதி, இறைச்சியையும் பாலையும் பிரித்து வைப்பது. "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்று யூதர்களின் வேத நூலான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் முழு ஏற்பாடும்: ஒரே பாத்திரத்தில் இரண்டும் சமைக்கக் கூடாது, ஒரே சாப்பாட்டில் இரண்டும் வரக் கூடாது, இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் பொருளுக்குக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள், ஜெர்மன் வழிக் குடும்பங்கள் மூன்று, டச்சு வழிக் குடும்பங்கள் ஒன்று. நம் கணக்கில் சொன்னால், மட்டன் குழம்புச் சாப்பாட்டைத் தயிர் சாதத்தோடு முடிக்க முடியாது.

இரண்டிலும் சேராதவற்றுக்குப் 'பார்வே' என்று பெயர். காய், பழம், தானியம், பருப்பு, முட்டை, மீன், எண்ணெய் எல்லாம் பார்வே. இந்த ஒரு சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், வகுப்பே இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

அசைவத்துக்குத் தனிச் சட்டி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி உடனே புரிந்துவிடும். மீதிப் பாதி, சூடு பட்டால் பாத்திரம் தன்னில் சமைத்ததன் சுவையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்கிற எண்ணம். அதனால்தான் கோஷர் சமையலறையில் எல்லாமே இரண்டு இரண்டாக இருக்கும்: இரண்டு தொட்டி, இரண்டு செட் கரண்டி, இரண்டு அலமாரி, சில இடங்களில் இரண்டு ஓவன். இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம், பார்வேக்குப் பச்சை என்று வண்ண டேப் ஒட்டியிருப்பார்கள். நீலத் தொட்டியில் சிவப்புக் கரண்டியைப் போட்டுவிட்டால் நாமாகக் கழுவி எடுத்து வைத்துவிடக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். தப்பு செய்ததை மறைப்பதுதான் அங்கே பெரிய தப்பு.

இடத்துக்கு மூன்று வழி உண்டு. ஏற்கெனவே கோஷராக நடக்கிற ஒரு ஜெபாலயத்தின் அல்லது யூதப் பள்ளியின் சமையலறையை வாடகைக்கு எடுப்பது முதல் வழி. சாதாரணக் கூடத்தில் அடுப்பே இல்லாமல், புதிய அல்லது ஒரு முறை பயன்படுத்தும் பாத்திரங்களை மட்டும் வைத்துக் குளிர்ந்த பதார்த்தம் செய்வது இரண்டாவது. உங்கள் நிலையத்துச் சமையலறையையே ஒரு ரபியை (யூத மதகுருவை) அழைத்துக் கோஷராக மாற்றுவது மூன்றாவது. மூன்றாவதை ஆசைப்பட்டுக் கையில் எடுக்காதீர்கள். பாத்திரங்களை 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்துக் கொதிநீரில் முக்க வேண்டும், ஓவனை உச்ச சூட்டில் எரிக்க வேண்டும், அப்புறம் அடுத்த வாரம் யாரோ ஒருவர் அதிலேயே சீஸ் பர்கர் சூடு பண்ணினால் எல்லாம் வீண். முதல் வழிதான் நிம்மதி.

வாடகை பேசும்போது நேரடியாகக் கேளுங்கள்: இது இறைச்சிச் சமையலறையா, பால் சமையலறையா, பார்வே ஓவன் தனியாக உண்டா, எந்த அமைப்பின் மேற்பார்வை, மேற்பார்வையாளர் (மஷ்கியாக் என்பார்கள்) எத்தனை மணிக்கு வருவார், அவருடைய ஊதியம் வாடகையில் சேர்ந்ததா, பொருட்களை நாங்களே வாங்கி வரலாமா? அப்புறம் முக்கியமான ஒன்று, நாங்கள் கொண்டுவரும் எங்கள் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுவது? நான் ஆறு வருடமாக என் டிபன் பாக்ஸைக் காரில்தான் திறக்கிறேன். பனிக்காலத்தில் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் என் புளியோதரைக் கரண்டி உள்ளே போய் அவர்கள் கரண்டியோடு கலந்துவிடுமோ என்ற பயம் இல்லை.

இன்னொன்று. கடையில் புதுசாக வாங்கிய எவர்சில்வர் கிண்ணத்தை அப்படியே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது. யூதர் அல்லாதவர் செய்த, விற்ற உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகுதான் புழங்குவார்கள். பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் பொதுவாக இது தேவையில்லை. ஆகவே பிசையும் கிண்ணம் வாங்கினால் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், ஒரு வேலை மிச்சம்.

அடுப்பை யார் பற்ற வைப்பது

என் ஓவன் கதைக்கு வருகிறேன். பச்சையாகச் சாப்பிட முடியாத, விருந்தில் வைக்கத் தகுந்த உணவைச் சமைப்பதில் ஒரு யூதரின் பங்கு இருந்தாக வேண்டும் என்பது பழைய விதி. எவ்வளவு பங்கு என்பதில்தான் யூதர்களின் இரண்டு பெரிய மரபும் பிரிகின்றன. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்து, 1565இல் வெனிஸில் அச்சான சட்டத் தொகுப்பைப் பின்பற்றும் செஃபார்டிகள் (ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு வழி யூதர்கள்), பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதே யூதராக இருக்க வேண்டும் என்பார்கள். அதற்குக் குறிப்பெழுதிய கிராக்கோவின் மோசே இசர்லெஸ் வழியில் போகும் அஷ்கெனாசிகளுக்கு (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி யூதர்களுக்கு), யூதர் ஒருவர் தீயை மூட்டினாலே போதும், மீதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

வகுப்பில் இரண்டு வழியினரும் இருப்பார்கள். அதனால் எங்கள் ஏற்பாடு ரொம்பச் சுலபம்: மேற்பார்வையாளர் வந்து தீ மூட்டும் வரை யாரும் குமிழைத் தொடுவதில்லை, வாணலியை அடுப்பில் ஏற்றுவதும் தட்டை ஓவனுக்குள் தள்ளுவதும் வந்திருக்கும் யூதப் பெற்றோர் கையால்தான். நானும் என்னைப் போன்ற தன்னார்வலர்களும் நறுக்குவோம், அளப்போம், துடைப்போம். பார்க்கப் போனால் வகுப்புக்கும் இது நல்லது. ஒருங்கிணைப்பாளர் அடுப்படியில் நின்றுகொண்டால் குடும்பங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கும்.

யார் வருகிறார்கள்

யூதக் குடும்பம் என்று ஒரே அச்சு கிடையாது. தார்ன்ஹில் பக்கம் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். அங்கே 1960களின் தொடக்கத்தில் பெசாக் பண்டிகைக்கு வேண்டிய புளிக்காத மட்சா ரொட்டி சுடுவதற்கே தடை இருந்தது, அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது ரொட்டி பின்னக் கற்றுக்கொள்ள வருகிறார்கள், பாட்டிக்கும் அன்றைக்குத்தான் முதல் பாடம். மொராக்கோ, ஈராக், ஈரான் வழியினர் இருப்பார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக இருக்கும் வீடுகளும் உண்டு. வீட்டில் கோஷரே பார்க்காதவர்களும், அடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிப்பவர்களும் ஒரே மேசைக்கு வருவார்கள்.

பதிவுப் படிவத்தில் "நீங்கள் யூதரா", "எந்தப் பிரிவு" என்றெல்லாம் கேட்காதீர்கள், அது யாருக்கும் பிடிப்பதில்லை, உங்களுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. சமையலுக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள்: குழந்தைகளின் வயது, ஒவ்வாமை (எள், கொட்டை, முட்டை, கோதுமை என்று பெயர் போட்டுக் கேளுங்கள், எள் முக்கியம், எள் விழுதான தஹினியும் எள் ஹல்வாவும் எங்கே பார்த்தாலும் வரும்), எந்த மொழியில் சொன்னால் வசதி, நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உணவுப் பழக்கம் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்விக்குக் கீழே நாலு வரி காலி விடுங்கள். மனிதர்கள் அங்கேதான் மனதைத் திறக்கிறார்கள். ஒரு தாய் எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "எனக்கு ஒன்றும் தெரியாது, என் மாமியார் முன்னால் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டும்."

சமைக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று. வந்தவர்களில் யார் மிகக் கண்டிப்போ அவரும் தயங்காமல் எடுத்து வாயில் போடும்படி இருக்க வேண்டும். ஒரு குடும்பம் மட்டும் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துச் சாப்பிடுகிற வகுப்பை நான் நடத்தியிருக்கிறேன், மறுபடி அது வேண்டாம்.

எண்ணிக்கை பற்றி: பத்துக் குடும்பம், அதற்கு மேல் போகாதீர்கள். குடும்பத்துக்கு மூன்று பேர் என்றாலே முப்பது பேர்.

தேதி

வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை ஷப்பாத் என்னும் ஓய்வு நாள். சமைப்பது, தீ மூட்டுவது, கார் ஓட்டுவது எதுவும் கூடாது என்று கடைப்பிடிப்பவர்கள் வருவார்கள் என்பதால் அந்த நேரம் உங்களுக்கு இல்லை. வெள்ளி மதியமும் வேண்டாம், டொராண்டோ டிசம்பரில் நாலரைக்குள்ளேயே மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் வந்துவிடும், வீட்டில் எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு காலை பத்தரையிலிருந்து ஒன்று வரை, இதுதான் சரியான நேரம்.

யூத நாள்காட்டி சந்திரனைப் பின்பற்றும், ஆனால் பருவத்தை விட்டு விலகாமலிருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள், தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் மாதிரி. அதனால் பண்டிகைகள் ஒவ்வொரு வருடமும் நகரும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா ஒரு வருடம் செப்டம்பர் தொடக்கத்தில் வரும், இன்னொரு வருடம் அக்டோபரில் வரும். போன வருடத் தேதியை அப்படியே நகல் எடுக்காதீர்கள். உபவாச நாட்களையும் பாருங்கள். கோடையில் தீஷா பெ-ஆவ் உபவாசத்துக்கு முந்தைய ஒன்பது நாட்கள் பலர் இறைச்சியும் மதுவும் தொட மாட்டார்கள்.

வகுப்பைப் பண்டிகைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னால் வையுங்கள். மூன்று நாள் முன்னால் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், ஒரு மாதம் முன்னால் வைத்தால் கற்றது மறந்துவிடும்.

என்ன சமைப்பது

இப்போதுதான் சமையல் குறிப்பு. எல்லாமே பார்வேயாக வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி கிடையாது, பால் கிடையாது, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். காரணம் எளிது, பார்வேயாகச் செய்ததை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய் இறைச்சிச் சாப்பாட்டோடும் வைக்கலாம், பால் சாப்பாட்டோடும் வைக்கலாம். சமையலறையில் கலந்துவிடுமோ என்ற பதற்றமும் பாதி குறையும்.

எங்கள் வருடம் பெரும்பாலும் இப்படிப் போகும். ரோஷ் ஹஷானாவுக்கு உருண்டை வடிவ ஹல்லா ரொட்டியும் தேன் கேக்கும் (ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்). ஹனுக்காவுக்கு எண்ணெயில் பொரித்தது எதுவானாலும். பூரிமுக்கு முக்கோண பிஸ்கட்டான ஹமன்டாஷ். பெசாக்குக்குச் சமைக்காத ஹரோசெட். இடையில் ஒரு சாதாரண ஷப்பாத் வகுப்பு. ஷாவுவோட் பண்டிகைக்கு மட்டும் சீஸ் கேக் வழக்கம் என்பதால் அன்றைக்குச் சமையலறையின் பால் பக்கத்தை மட்டும் திறப்போம்.

ஹனுக்கா லாட்கே பற்றி ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, முட்டையும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிப் பொரிப்பதுதான். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஐந்து நிமிடம் கிண்ணத்திலேயே விடுங்கள். மேலே இருக்கும் பழுப்பு நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியில் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கறுக்மொறுக்கென்று மாவு படிந்திருக்கும். அதைத் துருவலோடு திருப்பிச் சேர்த்தால் தனியாக மைதா தேவைப்படாது, லாட்கே உடையாது. குழந்தைகளுக்கு அந்தக் கிண்ணத்தின் அடியைக் காட்டினால் வகுப்பில் பாதி வெற்றி. தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் வையுங்கள். புளித்த க்ரீமும் வழக்கம்தான், ஆனால் அது பால்.

கடைக்குப் போகும்போது

கடையில் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் மேல் உள்ள சின்ன முத்திரை. இங்கே அதிகம் கண்ணில் படுவது கனடா கஷ்ரூத் கவுன்சிலின் சி-ஓ-ஆர், அமெரிக்காவிலிருந்து வரும் பொருட்களில் வட்டத்துக்குள் யூ எழுத்தாக வரும் ஓ-யூ. முத்திரை பக்கத்தில் டி என்ற எழுத்து இருந்தால் பால் சேர்ந்தது, பார்வே வகுப்புக்கு ஆகாது. பெரிய பொறி ஒன்று இருக்கிறது: ஓ-யூ பக்கத்தில் பி என்று இருந்தால் பார்வே என்று நினைத்துவிடுவோம். இல்லை, அது பெசாக் பண்டிகைக்கு உகந்தது என்பதற்கான எழுத்து. நான் இதில் ஒரு முறை விழுந்தேன்.

முழுக் காய், முழுப் பழம், முட்டை, சர்க்கரை, வெறும் உப்பு இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் முத்திரை தேடவேண்டியதில்லை. எண்ணெய், சாக்லேட், ஜாம், சீஸ், ஜெலட்டின் கலந்தவை, கலவை மசாலா எல்லாவற்றுக்கும் வேண்டும். திராட்சைச் சாறும் வைன் வினிகரும் முத்திரை இல்லாமல் வரவே கூடாது, திராட்சைச் சாற்றிலிருந்து வரும் எதற்கும் தனிச் சட்டம். திராட்சைச் சாறு வாங்கினால் 'மெவுஷால்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அது காய்ச்சியது என்று அர்த்தம், அதை யூதர் அல்லாத தன்னார்வலர் ஊற்றிக் கொடுத்தாலும் சிக்கல் இல்லை.

பட்டியலை முன்கூட்டியே மேற்பார்வையாளருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். எதையும் பிரிக்காமல், உறையோடு கொண்டுபோங்கள். "போன தடவை மிச்சமான பாதிப் பாட்டில் எண்ணெய் வீட்டில் இருக்கிறது" என்ற சிக்கனம் இங்கே செல்லாது.

காலையில் செய்ய வேண்டியது

முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடையுங்கள். டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள், ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டையைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பெரிய கிண்ணத்தில் ஊற்றலாம். நேராகக் கிண்ணத்தில் உடைத்தால் பதினோராவது முட்டையில் புள்ளி வரும்போது முதல் பத்தும் சேர்ந்து போகும். இந்த வேலையைக் குழந்தைகளுக்கே விடுங்கள். ஆறு வயதுக்காரர்கள் துப்பறிவாளர் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள், ஒருவரும் ஓடி விளையாட மாட்டார்கள்.

பூச்சி தின்பது தோராவில் தடை, அதனால் கீரைக்கும் சோதனை உண்டு. சோப்புக் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, வெள்ளைத் துணி மேல் அல்லது வெளிச்சப் பலகை மேல் இலை இலையாகப் பார்ப்பார்கள். காலிஃபிளவரும் புரோக்கலியும் இன்னும் மோசம். வகுப்புக்கு இதெல்லாம் வேண்டாம், காரட், வெங்காயம், உருளைக்கிழங்கு, ஆப்பிள் போதும். கொத்தமல்லி இல்லாமல் மனசு ஆறாதவர்கள் (நான்) சோதித்து அடைத்து விற்கும் பொட்டலத்தைத் தேடி வாங்கலாம்.

ஹல்லா வகுப்பு, நிமிடக் கணக்கில்

முதன்முதலாக நடத்துபவர்கள் ஹல்லாவிலிருந்து தொடங்குங்கள். ஷப்பாத் மேசையில் இரண்டு ரொட்டி வைப்பார்கள், பாலைவனத்தில் மன்னா என்னும் வான் உணவு வெள்ளிக்கிழமைகளில் இரட்டிப்பாக விழுந்ததன் நினைவு. ரொட்டியில் பாலோ வெண்ணெயோ சேர்ப்பதில்லை, தெரியாமல் இறைச்சியோடு தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு குடும்பத்துக்கு அளவு: மைதா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60 கிராம், உப்பு 10 கிராம், எண்ணெய் 60 மில்லி, முட்டை 2, வெதுவெதுப்பான தண்ணீர் 180 மில்லி. மேலே பூச இன்னொரு முட்டை. இரண்டு நடுத்தர ரொட்டி வரும்.

சிக்கல் என்னவென்றால், பிசைந்த மாவு பொங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும், உங்களிடம் இருப்பதே இரண்டரை மணி நேரம். ஆகவே இரண்டு மாவு வேண்டும். தன்னார்வலர்கள் எட்டரைக்கே வந்து பெரிய மாவு பிசைந்து பொங்க வைக்க வேண்டும், ஐந்து குடும்பத்துக்கு 2.5 கிலோ மைதா வீதம். குடும்பங்கள் வந்ததும் முதலில் தங்கள் சொந்த மாவைப் பிசைவார்கள், அதைப் பையில் போட்டு எடுத்துப்போய் வீட்டில் சுடுவார்கள். பின்னுவதும் சுடுவதும் காலை மாவில்.

பத்தரைக்கு வந்து கை கழுவி மேசைக்கு உட்கார இருபது நிமிடம் போய்விடும், எந்த ஊர்க் குழந்தைகளானாலும் இதேதான். பதினொன்று வரை பிசைதல். ஒட்டுகிறது என்று அலறுவார்கள், மாவு அள்ளிப் போட விடாதீர்கள், கையில் சொட்டு எண்ணெய் தடவச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகவும் பரோட்டா மாவு மாதிரி வழுவழுப்பாகவும் வந்தால் சரி.

அப்புறம், பின்னுவதற்கு முன்னால், ஹல்லா பிரிக்கும் சடங்கு. பெரிய மாவிலிருந்து ஒரு ஆலிவ் பழம் அளவு கிள்ளி எடுத்து, ஆசி சொல்லி, அலுமினியத் தாளில் சுற்றி எரித்துவிடுவார்கள். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் குருக்களுக்குக் கொடுத்த பங்கின் நினைவு இது, ரொட்டிக்கு ஹல்லா என்ற பெயரே இதிலிருந்துதான். எவ்வளவு மைதாவுக்கு ஆசி சொல்ல வேண்டும் என்பதில் கணக்கு வேறுபடும், ஏறக்குறைய 1.67 கிலோ என்பார் ஒருவர், 2.25 கிலோ என்பார் இன்னொருவர். நாம் 2.5 கிலோவாகப் பிசைவதன் ரகசியம் அதுதான், இருவருக்கும் போதும். ஆனால் வகுப்பு மாவு பல வீட்டுக்குப் பிரிந்து போவதால் அதற்கே தனிக் கேள்வி எழும், ஆகவே ஆசி சொல்வதா வேண்டாமா என்பதை ரபியிடம் முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஐந்து நிமிடத்துக்கு மிக்ஸர் சத்தத்தை நிறுத்துவது மட்டும்.

பதினொன்றேகாலுக்குப் பின்னல். மூன்று இழை என்றால் நம் வீட்டுச் சடைதான், ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு வந்துவிட்டது. இழைகளை நடுவில் பருமனாகவும் நுனியில் மெல்லிதாகவும் உருட்ட வேண்டும், இறுக்கிப் பின்னக் கூடாது, பொங்க இடம் வேண்டும். ஆறு இழைப் பின்னல் கேட்டு யாராவது வருவார்கள். அதற்கு வகுப்பில் தெரிந்த ஒரு பெரியவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், எழுத்தில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. பின்னிய ரொட்டியில் பெயர் எழுதிய தாளை அடியில் வையுங்கள், பென்சிலில், மார்க்கர் மை ஓவன் சூட்டில் மங்கிப்போகும். இருபத்தைந்து நிமிடம் ஓய்வு, முட்டை பூச்சு, ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்துவிட்டு எள், 180 டிகிரியில் இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் வரும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்குக் கதை சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யாவிட்டால் கூடம் போர்க்களம்.

குறிப்புத் தாளை வகுப்பு முடிவில் கொடுங்கள், முதலில் கொடுத்தால் எல்லாரும் தாளையே பார்ப்பார்கள். ஆனால் கட்டாயம் கொடுங்கள். மில்வாக்கி நகரத்தில் லிசி பிளாக் கேண்டர் என்ற பெண்மணி குடியேறிய யூதச் சிறுமிகளுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே பிள்ளைகளின் நேரம் போகிறதென்று குறிப்புகளை அச்சிட நிர்வாகத்திடம் 18 டாலர் கேட்டார், ஆண்கள் நிரம்பிய குழு கொடுக்க மறுத்தது. அவர் விளம்பரம் பிடித்து 1901இல் அச்சிட்டார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டு, அதன் வருமானமே நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழும்ப உதவியது. ஜெராக்ஸ் செலவுக்கு உங்கள் மேலாளர் முகம் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பெசாக்: அடுப்பே வேண்டாம்

பெசாக்கின் எட்டு நாளும் (இஸ்ரேலில் ஏழு) கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்திலும் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. மட்சாவே தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிந்தாக வேண்டும். அஷ்கெனாசிகள் அரிசி, பருப்பு, மக்காச்சோளமும் தவிர்ப்பார்கள், செஃபார்டிகளில் பலர் அரிசியைத் தாராளமாகச் சாப்பிடுவார்கள், அதற்கு முன் மணி மணியாகப் பொறுக்கிப் பார்ப்பார்கள். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015இல் அரிசி, பருப்புக்கு அனுமதி கொடுத்தது. இந்தச் சண்டையில் நீங்கள் நடுவர் இல்லை. நம் வீட்டுக் கட்டிப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று எனக்கு இந்த வகுப்பில்தான் தெரிந்தது.

எனவே புதிய பிளாஸ்டிக் கிண்ணம், புதிய கரண்டி, பெசாக் முத்திரை உள்ள பொருள், இவற்றை வைத்து ஹரோசெட் மட்டும். எகிப்தில் அடிமைகளாகச் சுமந்த செங்கல் சாந்தைக் குறிக்கும் கலவை அது. அஷ்கெனாசி வழி: ஆப்பிள், அக்ரூட், பட்டை, திராட்சைச் சாறு. ஈராக் வழி: பேரீச்சைப் பாகில் அக்ரூட்டை உடைத்துப் போட்டால் முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்ய வையுங்கள். கொட்டை ஒவ்வாமைக் குழந்தை இருந்தால் அன்றைக்குக் கொட்டையே கூடத்துக்குள் வராது, ஆப்பிளையும் பேரீச்சையையும் வைத்துச் சமாளிக்கலாம்.

பாட்டிகளை முன்னால் நிறுத்துங்கள்

"அசல் யூதச் சமையல்" என்று சுவரொட்டியில் போடாதீர்கள். போலந்துப் பாட்டிக்கு அசல் என்பது இனிப்பு மீன் உருண்டை, பாக்தாத் பாட்டிக்கு இரவெல்லாம் அடுப்பில் கிடந்த அரிசியும் கோழியும். கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள், அது பார்வே ஆயிற்றே, பால் தடையும் மீறவில்லை, குழம்பும் வெள்ளையாகக் கொழகொழவென்று வரும். இதை நான் ஒரு முறை வகுப்பில் சொன்னபோது மூன்று பேர் உடனே தேங்காய்ப்பால் டின்னில் முத்திரை எங்கே என்று கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மூத்தவரைக் கால் மணி நேரம் பேசச் சொல்லுங்கள். அளவு கேட்டால் அவர்களுக்கு வராது, "கை சொல்லும்" என்பார்கள். பக்கத்தில் ஒரு தன்னார்வலரைத் தராசோடு நிறுத்தி, அவர் அள்ளுகிற ஒவ்வொரு கைப்பிடியையும் நிறுத்து எழுதவையுங்கள். எங்களிடம் உள்ள நல்ல குறிப்புகள் எல்லாம் இப்படிக் கிடைத்தவைதான்.

வாசல், பணம், படம்

யூத நிலையங்களில் வாசலில் காவலர் இருப்பார். பெயர்ப் பட்டியலை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் "என் தங்கையையும் கூட்டி வந்தேன்" என்றால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இடம், நேரத்தைப் பொதுவெளியில் போடாமல் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். குழந்தைகளின் படத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் கைகளையும் மாவையும் மட்டும் எடுங்கள், அதுவே அழகாக இருக்கும். கண்டிப்பான குடும்பங்களில் எதிர்பாலருக்குக் கை கொடுக்க மாட்டார்கள், நம் வணக்கம் ரொம்பக் கை கொடுக்கும்.

ஒன்டாரியோவில் உணவு கையாளும் சான்றிதழ் பெற்ற ஒருவர் இடத்தில் இருப்பது நல்லது, பெரும்பாலான சமையலறைகள் அதைக் கேட்கும். கட்டணத்தைக் குடும்பத்துக்கு என்று வையுங்கள், தலைக்கு என்று வைத்தால் நாலு பிள்ளைக்காரர்கள் வர மாட்டார்கள்.

மூடும்போது

கழுவுவதற்கு அரை மணி நேரத்தைத் திட்டத்திலேயே போடுங்கள். பச்சை டேப் ஒட்டிய தொட்டியில், பச்சை ஸ்பாஞ்சால் மட்டும். மிச்ச மாவையும் பொருளையும் அங்கே விட்டுவராதீர்கள், கேட்காமல் அலமாரியில் வைத்தது மறுநாள் குப்பைக்குத்தான் போகும். ஓவனை அணைப்பதற்கும் மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்து வருபவர்களுக்காக அவர் எரிய விட்டிருக்கலாம்.

கடைசியாக ஸ்பாஞ்சை எண்ணுங்கள். போன மாதம் பச்சை நாலு, நீலம் மூன்று என்று சாவியோடு வாங்கினேன், திருப்பிக் கொடுக்கும்போது பச்சை மூன்றுதான் இருந்தது. மேற்பார்வையாளரும் நானும் கால் மணி நேரம் தேடினோம். காணாமல் போனது ஒரு நாலு வயதுக்காரியின் கோட்டுப் பையில், அவள் பின்னிய ரொட்டித் துண்டோடு இருந்தது.